அடுப்புக்கு இரண்டு நாள் விடுமுறை: மதுரையில் எங்கே, எப்போது, என்ன சாப்பிடலாம்?

பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கத்துக் கரிசல்காட்டு மக்களுக்கு மதுரை புதிய ஊர் அல்ல. ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி, மோட்டார் சாமான், கோர்ட்டு வாய்தா என்று வருஷத்தில் ஆறேழு தடவை போய் வருகிறார்கள். ஆனால் மதுரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்று எண்ணினால் விரல் மிஞ்சும். பேருந்து நிலைய வாசலில் நின்றபடியே ஒரு டீ, ஒரு பஜ்ஜி. இல்லாவிட்டால் வீட்டிலிருந்து கட்டிவந்த புளிச்சோற்றை ஆஸ்பத்திரி மரத்தடியில் பிரிப்பது. சாப்பாட்டுக்குப் பேர்போன ஊருக்கு அரிசியும் பாலும் கிடாயும் அனுப்புகிறவர்கள் அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பார்ப்பதில்லை.

அந்தப் பக்கத்துத் தம்பதி ஒன்று இந்த மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலை எந்த வேலையும் இல்லாமல் மதுரைக்கு பஸ் ஏறியது. மூன்று ஏக்கர் மானாவாரி, பருத்தியும் மக்காச்சோளமும். இரண்டு கறவை மாடு. கல்யாணமாகி 26 வருஷம். மகள் புருஷன் வீட்டில், மகன் கோயம்புத்தூரில் வேலையில். மக்காச்சோளம் விற்ற பணம் கைக்கு வந்ததும், ஒரு குவிண்டாலின் காசை மட்டும் தனியாக முடிந்து வைத்து, "ரெண்டு நாள் மதுரையில போயிச் சாப்பிட்டு வருவோம்" என்றார் அவர்.

"சாப்பிடவா போறோம்? வீட்டுல சோறு இல்லையாங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"சோறு இருக்கு. அதை ஆக்குறது நீதானே."

மாடுகளைக் கொழுந்தன் வீட்டில் ஒப்படைத்தார்கள். கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வெளியூர்ப் பயணத்தில் கஷ்டமான ஏற்பாடு பஸ்ஸோ அறையோ அல்ல, இதுதான். பழகாத கை பட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அதனால் போவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே ஓரகத்தி வந்து பக்கத்தில் நின்று கறந்து பழகியிருந்தார்.

மதுரையில் தங்குவதற்கு ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் பல தரத்தில் அறைகள் இருக்கின்றன. அங்கே தங்கினால் கோயிலும் கடைகளும் நடைதூரம்தான். வழி தவறிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். கோயிலை நடுவில் வைத்து ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாகப் போட்ட ஊர் அது. எந்த வீதியில் நிற்கிறோம், கோபுரம் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்தால் போதும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். சித்திரைத் திருவிழா நாட்களில் மட்டும் சாப்பிடுவதற்கென்று போகாதீர்கள். அப்போது சாமியைப் பார்க்கலாம், இலையைப் பார்க்க முடியாது.

மதுரைச் சாப்பாட்டில் எந்தக் கடை என்பதைவிட எந்த நேரம் என்பதே பெரிது. காலையில் இட்லியும் பருத்திப் பாலும், மதியம் இலைச் சாப்பாடு, வெயில் சாய்கிற நேரத்தில் வெள்ளையப்பமும் ஜிகர்தண்டாவும், இருட்டிய பிறகு மறுபடியும் இட்லி. அந்தந்த நேரத்தில் அடுப்பிலிருந்து இறங்குவதை அந்த நேரத்திலேயே சாப்பிட வேண்டும். மூன்று மணிக்குப் போய்ச் சாப்பாடு கேட்டால் ஆறிய சோறும் அடிக்குழம்பும்தான் கிடைக்கும். அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

முதல் இட்லியை மேல மாசி வீதியில் சாப்பிட்டார்கள். முருகன் இட்லிக் கடை அங்கேதான் இருக்கிறது. அது மட்டும்தான் என்று இல்லை. மாசி வீதிகளிலும் அவற்றின் குறுக்குச் சந்துகளிலும் பெயர்ப்பலகைகூட இல்லாத கடைகளில் துணி போட்டு அவித்த இட்லி நன்றாகவே இருக்கும். இலையில் இட்லி விழும் முன்பே மூன்று நான்கு சட்னி விழுந்துவிடும். இலையில் விழுந்ததை அந்த அம்மா உடனே சாப்பிடவில்லை, விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் எழும்பி வந்தது. "உளுந்தைத் தனியா ஆட்டி, கையால அடிச்சுக் கலந்திருக்கான்" என்றார்.

உளுந்து பாதிக் காரணம், அரிசி மீதிக் காரணம். இட்லிக்கு மெலிந்த சன்ன அரிசி சரிப்படாது. ஆடுதுறை 37, அம்பை 16 போன்ற குட்டையான, குண்டு ரகங்களைப் புழுங்கலாக்கினால்தான் மாவு உப்பிக்கொண்டு நிற்கும். சாப்பாட்டுக்கு ஆகாத மோட்டா ரகம் என்று வியாபாரி விலை குறைத்துக் கேட்கிற அதே நெல்தான் மதுரை இட்லிக்கு அஸ்திவாரம். நெல் போடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவது நல்லது.

இட்லிக்குப் பிறகு பருத்திப் பால். காலையிலும் மாலையிலும் தள்ளுவண்டியில் பெரிய பாத்திரத்தில் சுடச்சுட வைத்து விற்பார்கள். பருத்திக்கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, பச்சரிசி மாவும் கருப்பட்டி அல்லது வெல்லமும் சேர்த்துக் காய்ச்சி, சுக்கு, ஏலக்காய் தட்டிப் போட்டு, தேங்காய்த் துருவலும் சேர்ப்பார்கள். வயிற்றில் திம்மென்று நிற்கும். பாதித் தம்ளரோடு நிறுத்திக்கொண்டார் அவர். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மீதியை மனைவி குடித்தார். இரண்டு நாளும் இனிப்பு எல்லாமே அப்படித்தான் ஓடியது: ஒன்று வாங்கி, அவருக்கு இரண்டு வாய்.

பருத்தி போடுகிறவர்களுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பஞ்சு பஞ்சு என்று பேசுகிறோம்; எடைபோடுகிற பருத்தியில் பஞ்சு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே, மீதி கொட்டைதான். அந்தக் கொட்டை எண்ணெய்க்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. ஒரு தம்ளர் பருத்திப் பாலுக்கு ஒரு கைப்பிடிக் கொட்டை போதும். "நம்ம கொட்டைதான, வீட்டுலயே காய்ச்சலாமே" என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியது நியாயம்தான். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. விதைக்கென்று பாக்கெட்டில் வாங்கி மிச்சமான கொட்டையை எக்காரணம் கொண்டும் இதற்குத் தொடக்கூடாது. அதன் மேல் பூச்சிமருந்தும் பூஞ்சாணக் கொல்லியும் பூசியிருக்கும், கழுவினாலும் போகாது. மாட்டுக்கும் போடக்கூடாது. சொந்தப் பருத்தியில் அரைத்தெடுத்த, மருந்து படாத கொட்டையாக இருக்க வேண்டும். அதையும் பச்சையாகக் குடிக்காமல் நன்றாகக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். பருத்திக்கொட்டையில் இயற்கையாகவே உள்ள ஒரு நச்சுப்பொருள் வேகவைக்கும்போதுதான் குறையும்.

சனிக்கிழமை, அதிலும் கோயிலுக்குப் போகிற நாள். அன்று கறி கிடையாது என்பது வீட்டிலேயே முடிவான விஷயம். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மதியம் நடை சாத்துவதற்குள் தரிசனத்தை முடித்துக்கொள்வது நல்லது. கோயிலில் அன்னதானம் உண்டு, பிரசாதமாக லட்டும் தருகிறார்கள். வரிசையில் நிற்கப் பொறுமை இருந்தால் அங்கேயே சாப்பிடலாம். இவர்கள் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சைவ ஓட்டலில் முழுச் சாப்பாடு சாப்பிட்டார்கள். குறை ஒன்றும் இல்லை, நினைவில் நிற்கும்படியாகவும் ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய் அந்த அம்மா இரண்டு மணி நேரம் தூங்கினார். கன்று போடுகிற மாடு இல்லாத வீட்டில்கூடப் பகலில் தூங்குகிற பெண்கள் கிராமத்தில் குறைவு.

நான்கு மணிக்கு மேல் மதுரை மறுபடி விழிக்கிறது. கோயிலுக்கு மேற்கே கோபு ஐயங்கார் கடை என்று ஒரு பழைய பலகாரக் கடை. வெள்ளையப்பமும் காரச் சட்னியும் அங்கே பிரசித்தம். பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் கரண்டியால் ஊற்றி எடுப்பது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. இரண்டு பேருக்கு இரண்டு போதும், ராத்திரிக்கு இடம் வேண்டுமே.

அங்கிருந்து நடந்தால் விளக்குத்தூண். ஜிகர்தண்டாவுக்கு அந்தப் பக்கம்தான் போக வேண்டும். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி அல்லது பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே பாலைச் சுண்டவைத்துச் செய்த ஐஸ்கிரீம். இவ்வளவுதான் சரக்கு. நான்கும் ஒழுங்காக இருந்தால் மாசி வெயிலே தணிந்துவிடும். சாயம் போட்ட சர்பத்தும் எசன்சும் ஊற்றித் தருகிற இடங்களும் நிறைய வந்துவிட்டன. பால் பழுப்பேறிச் சுண்டியிருக்கிறதா என்று நிறத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கொழுப்பு, கொழுப்பல்லாத திடப்பொருள் என்று அளந்து லிட்டருக்குக் காசு வாங்குகிற கறவைக்காரருக்கு, அந்த ஒரு தம்ளரின் விலையைப் பார்த்ததும் பெருமூச்சு வந்தது. வரத்தான் செய்யும். ஆனால் லிட்டர் கணக்கில் விறகையும் நேரத்தையும் போட்டுப் பாலைச் சுண்டவைப்பதற்கும் ஒரு கூலி இருக்கிறது. அதைச் செய்கிற கறவைக்காரர்தான் நம் ஊர்களில் இன்னும் குறைவு.

மாலை நேரத்துக்கே உரிய இன்னொன்று முள்ளுமுருங்கை வடை. கல்யாண முருங்கை என்றும் சொல்வார்கள். இலையை அரிசியோடு அரைத்து, பூரி போலத் தட்டிப் போட்டு, பொரிந்ததும் மேலே இட்லிப்பொடி போன்ற ஒரு காரப்பொடி தூவித் தருவது. பச்சை நிறம், சளிக்கு நல்லது என்று பெயர். தெருவோரத்தில் ஒரு பெண்மணி போட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒன்றைத் தின்றுவிட்டு, இலை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். "முன்னெல்லாம் வேலி பூரா இருந்துச்சு. இப்ப மரத்தைத் தேடித்தான் போகணும்" என்றார் கடைக்காரப் பெண்மணி. அது உண்மைதான். வேலியிலும் மிளகுக் கொடிக்குத் தாங்கலாகவும் நின்ற மரம் அது. சிறு குளவி ஒன்று இலையிலும் காம்பிலும் முட்டையிட்டு, இலையெல்லாம் முடிச்சு முடிச்சாகச் சுருண்டு, பல ஊர்களில் மரமே பட்டுப்போனது. தப்பிய மரங்களில் துளிர்க்கிற நல்ல இலைக்கு இப்போது நகரத்தில் கிராக்கி இருக்கிறது.

ராத்திரி பரோட்டா சாப்பிடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. வேண்டாம் என்றாகிவிட்டது, சரியான முடிவு. பரோட்டா இப்போது எல்லா ஊர் முக்கிலும் கிடைக்கிறது. அதற்கு மதுரை வரை வரத் தேவையில்லை. இரவு பத்து மணிக்குத் தெருவில் பெஞ்சு போட்டு அவித்துக் கொட்டுகிற இட்லியும் கல்தோசையும்தான் அங்கே விசேஷம். அந்த நேரத்துக்கு நம் ஊரில் நாய்கூடக் குரைத்து ஓய்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கெல்லாம் இருவருக்கும் விழிப்பு வந்துவிட்டது. கறவைக்காரருக்கு லீவு போட்டாலும் உடம்பு லீவு போடாது. அண்ணாநகர் உழவர் சந்தைக்குப் போனார்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான், 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது. மதுரைக்கு வரும் விவசாயிகள் இந்த இடத்தை ஒரு தடவையாவது காலையில் பார்க்க வேண்டும். யார் என்ன கொண்டுவருகிறார்கள், கீரைக்கட்டு எத்தனை மணிக்குத் தீர்கிறது, எது மிஞ்சி நிற்கிறது என்று அரைமணி நேரம் நின்று பார்த்தால், அடுத்த பட்டத்துக்கு வீட்டுக் கிணற்றடியில் என்ன போடலாம் என்று தெரிந்துவிடும். வாசலில் டீயும் உளுந்த வடையும், பக்கத்தில் கம்பங்கூழ் வண்டி. கூழைப் பார்த்து அந்த அம்மா சிரித்தார். ஊரில் கூழ் குடிப்பதை வெளியே சொல்ல வெட்கப்பட்ட காலம் அவர் பார்த்தது. பூக்காரரிடம் இரண்டு முழம் மல்லி வாங்கி வைத்துக்கொண்டார். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-ல். மொக்கின் காம்பு நீளம், இதழ் தடிப்பு, வாசனை நிற்கும் நேரம் எல்லாமே அந்த மண்ணோடு சேர்ந்தவை.

மதியம் கறிச் சாப்பாடு. இதற்காகத்தான் ஒரு குவிண்டால் மக்காச்சோளம். தல்லாகுளம் பக்கம் அம்மா மெஸ், குமார் மெஸ் என்று பெயர் பெற்றவை இருக்கின்றன. சிம்மக்கல்லில் கோனார் மெஸ் கறிதோசைக்குப் பெயர் போனது. தோசை மேல் முட்டை, அதன் மேல் கொத்திய கறி என்று மூன்று அடுக்காக வரும். மதியச் சாப்பாட்டையும் கறிதோசையையும் ஒரே நாளில் முயற்சி செய்ய வேண்டாம். இரண்டும் பாதியில் நிற்கும், காசும் வீணாகும். இவர்கள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தோசையை அடுத்த தடவைக்கு வைத்தார்கள்.

ஞாயிறு மதியம் மெஸ்ஸுக்கு ஒரு மணிக்குப் போனால் காத்திருக்க வேண்டிவரும். பன்னிரண்டரைக்கே போய்விடுவது நல்லது. முதல் தடவை போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இலை போட்டதும் ஒருவர் பெரிய தட்டில் சின்னச் சின்னக் கிண்ணமாகச் சுக்கா, குடல், ஈரல், நாட்டுக்கோழி, நண்டு, மீன் வறுவல் என்று அடுக்கிக்கொண்டு வந்து காட்டுவார். அது சாப்பாட்டோடு சேர்ந்தது என்று நினைத்து எடுத்து வைத்துவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனி விலை. கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் கையை நீட்டப் போனபோது அந்த அம்மா தடுத்து, "ஒண்ணு எவ்வளவுண்ணே?" என்று கேட்டார். தட்டைப் பிடித்திருந்தவர் ஒவ்வொன்றுக்கும் நிதானமாக விலை சொன்னார். விலை கேட்டால் மரியாதை குறையும் என்பது நம் மனதில்தான் இருக்கிறது, கடைக்காரர் மனதில் இல்லை. சுக்கா ஒன்று, அயிரை மீன் குழம்பு ஒன்று என்று முடிவாயிற்று. மற்றபடி சோற்றுக்கு ஊற்றுகிற கறிக்குழம்பு, மீன் குழம்பு, ரசம், மோர் எல்லாம் கேட்கக் கேட்க வந்தன.

அயிரை கண்மாய் மீன். விரல் நீளம்கூட இருக்காது. உயிரோடு வாங்கிப் பாலும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் விட்டால் வயிற்று மண்ணைக் கக்கிவிடும். பிறகு உரசிக் கழுவிக் குழம்பில் போடுவார்கள். கண்மாய் நிறைந்த வருஷங்களில் நம் ஊரில் துணியை விரித்தே அள்ளியது. இப்போது கிண்ணத்துக்கு இருக்கிற விலையைப் பார்த்தால், ஊர்க் கண்மாயைத் தூர்வாரி மடையைச் சரிசெய்வதில் நெல்லுக்குத் தண்ணீர் மட்டும் அல்ல, வேறு வருமானமும் இருக்கிறது என்பது விளங்கும்.

இரண்டாவது சோறு போட வந்தவர் அந்த அம்மாவின் இலையைப் பார்த்து, "என்னம்மா, குழம்பு போதுமா? ஈரலும் கொஞ்சம் வச்சுத் தரச் சொல்லவா? நல்லா சாப்பிடுங்க" என்றார். எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்கிற வார்த்தைதான். அந்த அம்மா ஒரு நிமிஷம் பதில் சொல்லவில்லை. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் இருக்கிறதைப் பார்த்து உட்காருகிறவர். குழம்பு போதுமா என்று அவர்தான் மற்றவர்களைக் கேட்பார். அவரிடம் யாரும் கேட்டதில்லை. "கொஞ்சம் ஊத்துங்க" என்றார். பிறகு இன்னொரு தடவையும் ஊற்றிக்கொண்டார். பக்கத்து இலைக்காரர் மனைவியைப் பார்த்தபடி மோருக்குக் காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை.

முடிந்து வைத்த காசில் இரண்டு நாள் சாப்பாடு, இடையில் குடித்தது, கடித்தது எல்லாம் போக மிச்சம் இருந்தது. அறை வாடகையும் பஸ்ஸும் வேறு கணக்கு. மீன் குழம்பும் ஜிகர்தண்டாவும் ஒன்று வாங்கி இருவர் பகிர்ந்ததும், எங்கேயும் பசிக்காமல் உட்காராததும்தான் காரணம். தண்ணீர் பாட்டிலை மட்டும் அறையிலிருந்து நிரப்பிக்கொண்டு போனார்கள்.

மிச்சக் காசில் அல்வா. ரயில் நிலையம் அருகே பிரேமா விலாஸில் சுடச்சுட இலையில் வைத்துத் தருவார்கள். விளக்குத்தூண் பக்கம் நாகப்பட்டினம் நெய் மிட்டாய்க் கடையும் உண்டு. அல்வாவைக் கடைசியாகத்தான் வாங்க வேண்டும், பையில் மேலாக வைக்க வேண்டும். மாடு கறந்த ஓரகத்தி வீட்டுக்கு அரைக்கிலோ. இவர் இரண்டு வாய் போட்டுக்கொண்டு பொட்டலத்தை மடித்தார்.

ஊருக்குத் திரும்பிய அடுத்த வாரமே அந்த அம்மா முள்ளுமுருங்கை மரம் எங்கே இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு ஊர் தள்ளி ஒரு பம்புசெட்டு ஓரம் ஒன்று நிற்கிறதாம். கட்டைவிரலுக்கு மேல் கனமுள்ள போத்தாக, ஒரு முழத்துக்குக் குறையாமல் வெட்டி, ஐப்பசி மழையில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். முடிச்சு விழுந்த இலை இருக்கிற கிளையில் போத்து எடுக்கக் கூடாது. மாட்டுக் கொட்டகைக்குத் தெற்கே, வேலி ஓரமாக நான்கு போத்து வைக்க இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.